தட்டில் பெருகும் கலம் அம்மாவின் முழங்காலிலும் பெருகுமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 59 வயது. முப்பது வருடத்துக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறித்தவர். வலது முழங்கால் நான்கைந்து வருடமாக நோகிறது, இப்போது இடதும் சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்ததும் கால் இறுகிப் பிடிக்கும், பத்து நிமிடம் நடந்தால் இளகும். இஸ்தோப்புப் படி இறங்கும்போதும் குந்தி எழும்பும்போதும்தான் உயிர் போகிறது. ஆதார வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது, தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரஷருக்கு லொசார்டன், சீனிக்கு மெட்போர்மின், அத்துடன் சின்ன அஸ்பிரின் ஒன்றும் எடுக்கிறார். நோ கூடும் நாட்களில் டவுன் பார்மசியில் டிக்லோபெனாக் வாங்கிப் போடுகிறார்.

இந்த நிலையில் உறவினர் ஒருவர் மூலிகைக் கெப்சியூல் போத்தலோடு வந்திருக்கிறார். மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, பொஸ்வெலியா மரப்பிசின், பிரண்டை, சீனத்து மூலிகை ஒன்று எல்லாம் சேர்ந்ததாம். ஆய்வுகூடத் தட்டில் மூட்டு ஜவ்வின், அதாவது குருத்தெலும்பின், கலங்கள் பச்சையாக மின்னிக்கொண்டு பெருகும் வீடியோவைப் போனில் காட்டி, “ஆறு மாதத்தில் தேய்ஞ்ச ஜவ்வு திரும்ப வளரும். ஆனால் இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்தணும்” என்றாராம். ஆறு மாதத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்ட வருகிறது. அம்மா தன் ஈ.பி.எஃப். பணத்தில் இருந்து முற்பணமும் கொடுத்துவிட்டார். மகளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும், “மூலிகைதானே, கெடுதி என்ன வரப்போகிறது? அடுத்த லயத்து அக்கா சந்தையில் ஒருவரிடம் நாட்டு மருந்துப் பொடி வாங்கிச் சாப்பிட்டு மூன்றே நாளில் எழும்பி நடந்தார். மூன்று மாதத்தில் முகமெல்லாம் உருண்டு நல்லாத் தேறிவிட்டார்” என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது அம்மாவைப் பற்றி. ஆனால் கடைசியாக எழுதியதற்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது அவசரம்.

அந்த அக்காவின் பொடி

தேய்மான நோவு எந்த மூலிகைக்கும் மூன்று நாளில் முற்றாக அடங்குவதில்லை. அப்படி அடங்கி, சில மாதங்களில் முகமும் உருண்டு வந்தால், எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் பொடியில் ஸ்டெரொய்ட் (வீக்கத்தையும் நோவையும் வேகமாக அடக்கும் வலுவான மருந்து) கலந்திருக்கிறது என்பதுதான். நீங்கள் தேறியதாக நினைத்த அந்த முகம் ஸ்டெரொய்டின் பக்கவிளைவாக இருக்கலாம். கழுத்தின் பின்புறம் சதை திரண்டிருக்கிறதா, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருக்கிறதா, லேசாகத் தட்டுப்பட்டாலே தோல் கன்றிப்போகிறதா என்று பாருங்கள்.

இது எங்கோ அபூர்வமாக நடக்கும் சங்கதி இல்லை. மூட்டு நோவுக்கு இயற்கை மருந்து என்று விற்கப்பட்ட சில பொருட்களில், லேபலில் எழுதாத டிக்லோபெனாக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டெரொய்டும் இருந்ததைக் கண்டுபிடித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2022இல் பகிரங்க எச்சரிக்கை விட்டது. ஸ்டெரொய்ட் தெரியாமல் உடம்பில் சேர்ந்தால் சீனி ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு உள்ளுக்குள்ளே பலவீனமாகும், கிருமித் தொற்று வந்தாலும் வெளியே தெரியாது.

இதை வாசித்த கையோடு ஓடிப்போய் “அக்கா, அந்தப் பொடியைத் தூக்கி எறிங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டெரொய்ட் உள்ளே போனால், உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மிச்சமிருக்கும் பொடியையும் அது வந்த பையையும் எடுத்துக்கொண்டு அவரை இந்த வாரமே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வார். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ மயக்கம் வந்தாலோ கிளினிக் நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

வீடியோவில் பார்த்தது பொய்யா?

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் போன்ற தாவரச் சேர்மங்களைத் தட்டில் வளரும் குருத்தெலும்புக் கலங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் நிறையவே உண்டு. அழற்சியைக் கிளப்பும் சைகைகளை அவை தணிக்கின்றன, குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைக் குறைக்கின்றன, கலங்கள் சாவதைத் தாமதிக்கின்றன. அங்கிருந்து உங்கள் அம்மாவின் முழங்காலுக்குத் தாவுவதில்தான் சிக்கல்.

குருத்தெலும்பின் பெரும்பகுதி கலங்கள் இல்லை. அதில் கலங்கள் இருப்பது நூற்றில் சில பங்குதான். மிச்சமெல்லாம் நீரும், கொலாஜன் நார்வலையும், அந்த வலைக்குள் நீரைப் பிடித்துவைக்கும் புரதங்களும். பாரம் தாங்குவது இந்த மிச்சம்தான். லயத்தில் ஆள் கூடினால் காம்பரா கூடிவிடாது, அதுபோலத்தான் இதுவும். இன்னொன்றையும் கேளுங்கள். தேய்ந்த முழங்காலின் குருத்தெலும்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கலங்கள் ஏற்கெனவே பெருகிக் கொத்துக் கொத்தாகக் குவிந்திருப்பதைக் காணலாம். நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. தட்டில் தட்டையாகப் பரவிப் பெருகும் கலங்களும் நாளடைவில் தம் இயல்பை இழந்து, குருத்தெலும்புக்கு உரிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுத் தழும்பில் இருக்கும் முதலாம் வகையைச் செய்யத் தொடங்கிவிடும். அதனால் “கலம் பெருகுகிறது” என்பதை மட்டும் வைத்து நான் சந்தோஷப்பட மாட்டேன்.

அடுத்தது, ஆறு மாதக் கணக்கு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் காபன் கூடியது. அதை ஒரு காலக்கணிப்பானாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜன் எப்போது உருவானது என்று அளந்து 2016இல் வெளியிட்டார்கள். இளம் வயதில் உருவான கொலாஜன்தான் கடைசி வரைக்கும் இருக்கிறது, வளர்ந்தவர்களில் அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இருந்தது. தேய்மானம் உள்ள முழங்காலிலும் அதே கதைதான். 59 வயதில் ஆறு மாதத்தில் ஜவ்வு வளரும் என்பவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, எப்படியோ கொஞ்சம் வளர்ந்தது என்றே வையுங்கள். நோவு போய்விடுமா? மூலிகை இல்லை, கலங்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் ஒன்றையே முழங்காலுக்குள் நேரே ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். 549 பேர் சேர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. கூடிய அளவு மருந்து பெற்றவர்களுக்கும் வெறும் ஊசி பெற்றவர்களுக்கும் இரண்டு வருட முடிவில் குருத்தெலும்புத் தடிப்பில் வித்தியாசம் 0.05 மில்லிமீற்றர். நோவில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, சகோதரி. நோவு வருவது அதைச் சுற்றியுள்ள எலும்பு, மூட்டுறை, தசை, நாண் இவற்றில் இருந்து. எக்ஸ்ரேயில் படுமோசமாகத் தேய்ந்த முழங்காலோடு சந்தைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமே தேய்ந்தும் படுத்துக்கிடப்பவர்களும் இருக்கிறார்கள்.

சுவீடனில் 1994இலேயே நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புக் கலங்களை வெளியே வளர்த்து முழங்காலில் வைத்தார்களே என்று அந்த உறவினர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அது விபத்தில் ஓரிடத்தில் குழிவிழுந்த முழங்காலுக்கான சத்திரசிகிச்சை. மூட்டு முழுவதும் தேய்ந்த அம்மாவுக்கு அது பொருந்தாது, கெப்சியூலுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் மூலிகை வீணா?

அப்படி நான் சொல்லவில்லை. குருத்தெலும்பை வளர்ப்பது ஒன்று, நோவைத் தணிப்பது வேறொன்று. இரண்டாவதில் சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு.

பொஸ்வெலியா சாம்பிராணி இனத்து மரம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு, வாய்வழி மூலிகைகள் பற்றிய மீளாய்வில் 2014இல் 49 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நோவையும் நடமாட்டத்தையும் அது ஓரளவு மேம்படுத்துவதாகத் தெரிந்தது. அதே வருடம் தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், மற்றவர்களுக்கு 1200 மில்லிகிராம் ஐபுபுரூபனும் நான்கு வாரம் கொடுத்தார்கள். நோவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது, மஞ்சள் பக்கத்தில் வயிற்றுக் கோளாறு குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அங்கே பார்த்தது நோவை, குருத்தெலும்பை யாரும் அளக்கவில்லை.

பிரண்டையை நம் ஆட்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுகிறார்கள், ஆய்வுகளும் பெரும்பாலும் எலும்பைப் பற்றியவை. எலும்புக்கு இரத்த ஓட்டம் உண்டு, முறிந்தால் தானாகவே பொருந்தும் குணமும் உண்டு. குருத்தெலும்புக்கு இரண்டும் இல்லை. பிரண்டைத் துவையல் நன்றாகவே இருக்கும், நாவரிப்பு வராமல் நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கிச் சாப்பிடுங்கள். ஜவ்வு வளரும் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

“கெடுதி என்ன வரப்போகிறது” என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கறிக்குப் போடும் மஞ்சளில் குர்குமின் நூற்றில் மூன்று பங்கு அளவில்தான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். அதற்காகத்தான் கெப்சியூலில் மிளகுச் சாறு சேர்க்கிறார்கள். மிளகின் பிப்பரின் குர்குமின் உறிஞ்சப்படுவதை இருபது மடங்கு வரை கூட்டும் என்று 1998இல் இந்திய ஆய்வொன்று காட்டியது. சேர்வது கூடினால் தொல்லையும் கூடலாம். இப்படியான செறிந்த மஞ்சள் கெப்சியூல்களால் ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இத்தாலியில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் கண் மஞ்சளித்தால், சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனால், உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். அம்மா அஸ்பிரினும் எடுப்பதால் இரத்தக்கசிவு பற்றியும், மெட்போர்மின் எடுப்பதால் சீனி இறங்குவது பற்றியும் கூடுதல் கவனம் தேவை.

நாட்டு வைத்தியத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தால் அதைக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் கூட்டிப்போய், எடுக்கும் குளிசை அட்டைகளை எல்லாம் காட்டுங்கள். வெளிப்பூச்சு எண்ணெயோ நொச்சி ஒத்தடமோ கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம், தோல் வெந்துபோகாத சூட்டில்.

இங்கிலீஷ் மருந்தை நிறுத்துவதா?

உறவினர் சொன்னதில் கால்வாசி சரி, அதுவும் வேறு காரணத்துக்காக. நிறுத்த வேண்டியது பார்மசியில் தானாக வாங்கிப் போடும் டிக்லோபெனாக் குளிசையை. லொசார்டனோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பிரஷரை ஏற்றும். அஸ்பிரினோடு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசியலாம். சீனி உள்ளவருக்கு இது சாதாரண ஆபத்தில்லை. அதற்குப் பதிலாக டிக்லோபெனாக் ஜெல்லை முழங்காலில் பூசலாம். தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு, முழங்கால் போன்ற மேலோட்டமான மூட்டுக்கு நன்றாக வேலையும் செய்யும். கிளினிக்கில் கேட்டு ஆரம்பியுங்கள். பெனடோல் தேய்மான நோவுக்குப் பெரிதாக உதவுவதில்லை.

பிரஷர் குளிசையையும் சீனிக் குளிசையையும் அஸ்பிரினையும் வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது. முழங்கால் தேய்ந்து யாரும் சாவதில்லை, பக்கவாதத்தில் சாகிறார்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு உண்மையில் உதவுவது

கேட்டால் சப்பென்று இருக்கும், ஏனென்றால் போத்தலில் வராது. தொடைத் தசை. முழங்காலின் பாரத்தை வாங்கிக்கொள்வது அதுதான். நோவு வந்ததும் நடை குறைந்து, நடை குறைந்ததும் தசை மெலிந்து, தசை மெலிந்ததும் நோவு கூடி என்று சுற்றிக்கொண்டே போகும். “இவ்வளவு காலம் மலையேறினேனே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி” என்று அம்மா கேட்பார். மலையேறியது உழைப்பு; கூடையோ சாக்கோ சுமந்து, சரிவில், களைத்த பிறகும் செய்தது. இது பாரமில்லாமல், அளவாக, தொடைக்கென்று செய்வது.

இஸ்தோப்பு பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்காரச் சொல்லுங்கள். ஒரு காலை முழுதாக நீட்டித் தூக்கி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்துத் தடவை. தொடையில் கைவைத்துப் பாருங்கள், சதை கல்லாக இறுக வேண்டும். இறுகவில்லையென்றால் காலைத் தூக்கவில்லை, ஆட்டுகிறார். பிறகு படுத்துக்கொண்டு, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து அதை அழுத்துவது. இந்த இரண்டும் பழகிய பிறகு, கொஞ்சம் உயரமான கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி உட்காருவது. காலையும் மாலையும். செய்யும்போது லேசாக நோகலாம், அடுத்த நாள் காலையிலும் அந்த நோவு மிஞ்சியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆதார வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருந்தால் ஒருமுறை காட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

எடையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது பெரிய வைத்தியம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வந்த ஆய்வு காட்டியது. காலை ரொட்டியை ஒன்று குறைத்து, தேத்தண்ணிச் சீனியை நிறுத்தினாலே தொடக்கத்துக்குப் போதும். நீரிழிவுக்கும் அதுதான் மருந்து.

பிறகு வீடு. குந்தி உட்காரும் கழிவறைக்கு மேல் வைக்கும் நடுவில் துளையிட்ட கதிரை ஒன்று வாங்குங்கள். அடுப்பு நிலத்தோடு இருந்தால் மேடை கட்டி உயர்த்துங்கள். பீலிக்கரையில் இருந்து குடம் சுமப்பது இனி வேறு யாராவது செய்யட்டும். கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இரண்டு காலிலும் நோவு என்றால், கூட நோகும் காலுக்கு எதிர்க் கை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். இதெல்லாம் சேர்ந்தும் அந்த ஒன்றரை இலட்சத்தில் ஒரு மூலைக்கு வராது.

இவ்வளவும் செய்தும் இரவில் தூங்கவிடாத நோவு, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாத நிலை என்றால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. அதைக் கடைசிக்கால அபாயமாக நினைத்துப் பயப்பட வேண்டாம், சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் செய்தால் நன்றாக நடக்க வைக்கும். எலும்பு முறிவு கிளினிக்குக்கு இப்போதே கடிதம் வாங்கிப் பதிந்து வையுங்கள், காத்திருக்க நேரும். செயற்கை மூட்டை வைத்தியசாலை தருமா, நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்பதை அங்கேயே கேளுங்கள். வாங்க வேண்டி வந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஈ.பி.எஃப். பணத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடுத்த முற்பணம்

உறவினர் என்பதால் சங்கடம் புரிகிறது. அவரையும் யாரோ இதே வீடியோவைக் காட்டித்தான் சேர்த்திருப்பார்கள். சண்டை வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் எழுத்தில் கேளுங்கள்: பற்றுச்சீட்டு, அந்தப் பொருள் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிலோ ஆயுர்வேதத் திணைக்களத்திலோ அனுமதி பெற்றதற்கான இலக்கம், “ஜவ்வு திரும்ப வளரும்” என்ற வாசகம் கம்பனியின் துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் அதன் பிரதி. கம்பனியே அப்படி எழுதித் தராது என்றால் அவருக்கும் விஷயம் விளங்கிவிடும். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். வீடியோவும் வாட்ஸ்அப் செய்திகளும் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம்.

அம்மாவின் முழங்கால் திடீரென்று வீங்கிச் சுட்டாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, கால் ஊன்றவே முடியாமல் போனாலோ அது தேய்மானக் கணக்கில் வராது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அதற்கு முன் இந்த வாரம் அந்த அக்காவைக் கூட்டிப்போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுத்துவிடுங்கள். டிக்லோபெனாக் எத்தனை மாதம் போட்டார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.